மாதுளைக்கு ஜாமீன் நின்றவன்

ஒரே விடுதி அறையில் என்னோடு பாய் விரித்துப் படுக்கிற நண்பர்களே, ஊரில் உங்கள் வீட்டுக் குளியல் தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இங்கே அது ஓட்டை வழியாக இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எங்கள் பக்கம் தண்ணீரை அப்படி விட மாட்டார்கள். இண்டூரைத் தாண்டி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். வானம் பார்த்த காடு. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒரு வாழைக்கோ முருங்கைக்கோ கட்டாயம் போகும். எங்கள் வீட்டில் அது ஒரு மாதுளைச் செடிக்குப் போனது.

விடுமுறைக்கு முன்னால் கல்லூரியில் பழத்தோட்டத்துக்கு நம்மை அழைத்துப் போனார்களே, அங்கே மாதுளை வரிசைக்கு முன்னால் நான் அசையாமல் நின்றுவிட்டேன் என்று நீங்கள் கேலி செய்தீர்கள். என்னடா, சாமி வந்துடுச்சா என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

அந்தச் செடியைக் கொண்டுவந்தது என் சின்னம்மா. என் அப்பாவின் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்தில் அவள் ஊர். கல்யாணமாகி மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மற்ற வீட்டு மருமகள்கள் கூடையில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவருவார்கள். சின்னம்மா ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு குச்சியை, பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சேராத பையன். பலகாரத்துக்காக ரோட்டுக்கு ஓடிப்போய் நின்றவன், ஏமாந்து அழுதேன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பெரிய அத்தைதான் நாட்டாமை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். எதிர்த் தெருவில்தான் அவள் வீடு. ஆனால் விடிந்ததும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கும் வந்து சாக்கை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"என்னாடியம்மா இது? அடுப்புக்கு வெறகா?"

"மாதுளங்க அண்ணி. எங்கூட்டு வாசல்ல நிக்குதுங்களே, அதோட பதியன்."

"வெறகு எங்கூர்லயே கெடைக்கும். இதுக்கு பஸ்ஸுல டிக்கெட் வேற எடுத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும்தான். அவள் சிரித்தால் மேல் ஈறு தெரியும். அதை மறைக்க முந்தானையை வாயருகே கொண்டுபோவாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், குளியல் தண்ணீர் ஓடுகிற வாட்டத்தில் குழி தோண்டினாள். ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், செம்மண் மூன்றையும் கலந்து போட்டாள். பிறகு வாய் உடைந்த பானை ஒன்றைத் தேடிப் பிடித்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் பழைய சீலைத் துணியைத் திரித்துச் செருகி, செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்தாள். தினமும் அந்தப் பானையை நிரப்ப வேண்டும். திரி வழியாகக் கசிந்து வேருக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

"எதுக்கு சின்னம்மா இப்படி?"

"ராத்திரியில அதுக்குத் தாகம் எடுத்தா ஆரு எந்திரிச்சு ஊத்துவா? அதான்."

அம்மா விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவாள்; கையில் என் தங்கச்சி வேறு. என்னைக் குளிப்பாட்டுவது சின்னம்மா வேலையானது. கல்மேல் உட்காரவைத்துச் சீயக்காய் தேய்ப்பாள். கண் எரிகிறது என்று கத்துவேன். "கத்து கத்து. நீ அழுக்கா வந்தாத்தான் அதுக்குத் தண்ணி. நாளைக்கும் நல்லாப் பொரண்டுட்டு வா சாமி" என்பாள். சீயக்காய் நுரை செடியின் அடியில் போய்த் தேங்கி, சின்னச் சின்னக் குமிழியாக உடையும். பானைக்குள் ஒரு தவளை வந்து குடியேறியது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அது தலையை மட்டும் நீட்டி எங்களைப் பார்க்கும். சித்தப்பாவின் மாமனார் என்று அதற்குப் பேர் வைத்தோம். சித்தப்பாவே அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் மாதுளையோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டைச் சுற்றி அதுவரை முள்படல்தான் வேலி. வருஷா வருஷம் கறையான் தின்னும். வருஷா வருஷம் முள் வெட்டி வந்து கட்டுவார்கள். வத்தல்மலைக்காரர்கள் சந்தைக்குக் களாப்பழம் கொண்டுவருவார்கள். அதில் ஒரு படி வாங்கி, சதையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு விதையை மட்டும் எடுத்து, உடைந்த ஓடுகளில் போட்டு நாற்றாக்கினாள். ஆடி மழைக்கு வீட்டைச் சுற்றி நட்டாள். குப்பைமேட்டு ஓரத்தில் சீத்தா விதை ஊன்றினாள். அது எங்கள் தெரு முழுக்கப் பேச்சானது. "உங்க சின்னம்மா வூட்டக் காடாக்கறாடா" என்று பையன்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

களாச் செடிகள் முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று வளர்ந்து, ஒன்றோடொன்று முள்ளைக் கோத்துக்கொண்டு நின்றன. அப்புறம் யாரும் முள்படல் கட்டவில்லை. பிஞ்சு வெள்ளையும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பிடித்தது. அம்மா அதில் ஊறுகாய் போட்டாள். உதட்டில் ஒட்டுகிற பாலும், பல்லைக் கூசவைக்கிற புளிப்பும் இப்போது எழுதும்போதும் வாயில் ஊறுகின்றன. சீத்தாவும் காய்த்தது. அத்தை வீட்டுக்கே ஒரு கூடை போயிற்று.

ஆனால் மாதுளை காய்க்கவில்லை.

பூக்காமல் இல்லை. நெருப்புத் துண்டுபோலப் பூத்தது. செடியோ பச்சைப் பசேலென்று கூரையைத் தொடுகிற உயரம். பூக்கள் மட்டும் பிஞ்சாகாமல் உதிர்ந்தன. காலையில் எழுந்தால் கல்லைச் சுற்றிச் சிவப்பாகக் கிடக்கும். மாதுளம்பூவின் அடிப்பாகம் தடித்திருக்கும் இல்லையா, அதைக் கவிழ்த்துக் காம்பைப் பிடித்துச் சுழற்றினால் பம்பரம்போல ஆடும். எனக்கு அது பண்டிகை. டவுசர் பை நிறைய அள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று பையன்களிடம் விற்பேன்.

ஒருநாள் விடிந்து பார்த்தால் கல்லடி துடைத்துவிட்டதுபோல இருந்தது. சின்னம்மா எனக்கு முன்பே எழுந்து எல்லாப் பூவையும் முந்தானையில் பொறுக்கிக் குப்பையில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தா சின்னம்மா."

"சத்தம் போடாத. உங்கத்தை வர்றதுக்குள்ள மூடிடணும்."

"ஏன்?"

"அவங்க பாத்தா மனசு கஷ்டப்படுவாங்க."

அத்தைக்கு எதற்கு மனக்கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதை ஊர் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தது. செடியைப் பற்றி ஊர் இன்னொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு பேச்சும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதை நான் அறியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தச் செடியைக் காய்க்கவைக்கத் தன் உயிரைக் கொடுத்துப் பாடுபட்டாள். அரிசி கழுவிய தண்ணீர், மாட்டுக் கோமியம், வேப்பம் புண்ணாக்கு என்று யார் எதைச் சொன்னாலும் போட்டாள். கோடையில் காட்டுக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து வந்து, வீட்டுக்கு ஒரு குடம், பானைக்கு ஒரு குடம் என்று ஊற்றினாள். ஒருநாள்கூட அந்தப் பானை காயவில்லை.

காய்க்காத மரம் செடிக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உங்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும். மாட்டுப் பொங்கலன்று ஒருத்தர் அரிவாளோடு போய் அதை மிரட்ட வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்று குறுக்கே விழுந்து அதற்கு ஜாமீன் நிற்க வேண்டும். பிள்ளை வாயால் சொன்னால் மரம் வெட்கப்பட்டுக் காய்த்துவிடும் என்பார்கள். அந்த வருஷம் அத்தை எங்கள் மாதுளைக்கு அதை ஏற்பாடு செய்தாள். அரிவாள் பிடிப்பவர் சித்தப்பா. ஜாமீன் நான்.

எனக்குப் புது டவுசர் போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி நிறுத்தினார்கள். தெருவே கூடியிருந்தது. சின்னம்மா ஒரு சொம்பில் தண்ணீரோடு செடிப் பக்கம் வந்தாள். "நீ உள்ள இரு. இன்னைக்கு உன் நெழலு இங்க வுழ வேண்டாம்" என்றாள் அத்தை. சின்னம்மா அடுப்படிக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

சித்தப்பா நன்றாக நடிப்பார். ஊர்க் கூத்தில் வேஷம் கட்டியவர். மீசையை முறுக்கிக்கொண்டு, அரிவாளைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"ஏ மாதுளை! எருவைத் தின்ன, தண்ணியக் குடிச்ச, வளந்து கூரையத் தொட்டுட்ட. ஒரு பிஞ்சு வுட்டியா? உன்ன வெச்சு நான் என்னா பண்ண? வெட்டி அடுப்புல வெக்கிறேன் பாரு!"

நான் ஓடிப்போய்ச் செடியைக் கட்டிக்கொண்டேன். முள் குத்தியது. சொல்லிக்கொடுத்ததைக் கத்தினேன்.

"வெட்டாதீங்க, வெட்டாதீங்க! வர்ற வருசம் காய்க்கும். நான் ஜாமீனுங்க!"

"நீ எத்தினி முழம் இருக்கற, நீ ஜாமீனா?"

"நான் ஜாமீனுங்க! வுட்டுடுங்க!"

சிரிப்பு ஓயவில்லை. கதவோரம் சின்னம்மாவும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா அரிவாளின் நுனியால் தண்டில் லேசாக ஒரு கீறல் போட்டார். அதில் மஞ்சள் தடவ வேண்டும். அப்போது அத்தை ஒரு அடி முன்னால் வந்து சொன்னாள்:

"நல்லாக் கேட்டுக்கோ. புள்ள சொன்னதுக்காக ஒரு வருசம் வுடறோம். அப்பறமும் காய்க்கலைன்னா, வேற வெச்சுக்குவோம்."

சொல்லும்போது அவள் செடியைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த சின்னம்மாவின் முந்தானை வாயிலேயே நின்றது. சித்தப்பா மஞ்சள் கையோடு குனிந்தபடியே இருந்தார். நான் மட்டும், எனக்குக் கரும்பு எப்போது தருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் முதலில் செடியிடம்தான் போவேன். ஜாமீன்காரன் அல்லவா. ஒவ்வொரு பூவாக எண்ணிப் பார்ப்பேன். சின்னம்மா பானையை நிரப்புவாள். ஒருதரம் ஒரு பூ உதிராமல் அடி பெருத்தது. அதற்கு ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அடுத்த வாரம் துணியோடு கீழே விழுந்து கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே கறுத்துப் போயிருந்தது. சின்னம்மா அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

அடுத்த தை வந்தது. பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் காலை வேளையில் எங்கள் வாசலில் ஜமுக்காளம் விரித்தார்கள். உறவுக்காரப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மலையடிவாரத்திலிருந்து சின்னம்மாவின் அண்ணன் வந்திருந்தார். தோளில் துண்டைச் சரியாகப் போடக்கூடத் தெரியாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு. விருந்து என்று நினைத்தேன்.

பேச்சு நடந்தது. "எங்க தம்பிக்கு ஒரு வாரிசு வேணுமுங்களே" என்றாள் அத்தை. "எங்கூட்டுப் புள்ள என்னா கொறை வெச்சாளுங்க? ஒரு சொல்லு எதுத்துப் பேசியிருப்பாளா?" என்றார் அந்த அண்ணன். "கொறைன்னு ஆரு சொன்னா? நல்ல பொண்ணுதான். கை ராசி இல்ல" என்றார் ஒரு பெரியவர். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா "வேணாங்க, இன்னுங் கொஞ்ச நாளு பாக்கலாமுங்க" என்று ஒருமுறை சொன்னாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பா பேசவே இல்லை. கூத்தில் அத்தனை வசனம் பேசுகிறவர்.

"வெச்சிருந்து என்னா பண்ணறது, தீத்து வுட்டுடலாம்" என்று பெரியவர் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் புரிந்துவிட்டது. சின்னம்மாவை அனுப்பப் போகிறார்கள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். போன வருஷம் இதே இடத்தில், இதே ஆட்கள் முன்னால்தானே செய்தேன். குறுக்கே விழுந்து கேட்டால் விட்டுவிடுவார்கள். அதுதான் வழக்கம். நான் ஓடிப்போய்க் கதவோரம் நின்ற சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

"அனுப்பாதீங்க, அனுப்பாதீங்க! வர்ற வருசம் காய்க்கும். நான் ஜாமீனுங்க! வுட்டுடுங்க!"

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பரவியது. நான் சிரிப்பைக் கண்டு சந்தோஷப்பட்டேன். போன வருஷமும் இப்படித்தானே சிரித்தார்கள், சிரித்துவிட்டுத்தானே விட்டார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. "போன வருசமும் இதயேதான சொன்ன? காச்சுதா?" என்றாள்.

நான் பிடியை விடவில்லை. சின்னம்மாவின் வயிற்றில் முகத்தை வைத்திருந்தேன். அவள் என் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"வுடு சாமி. எனக்காவ கேட்டியே, அது போதும்."

தீர்த்துவிடும்போது, உறவு அறுந்தது என்று காட்ட, புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட வேண்டும். துரும்பு எங்கே என்றார்கள். சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய வாசல். அன்றைக்கும் சின்னம்மாதான் பெருக்கியிருந்தாள். ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. அத்தை எட்டிப்போய் மாதுளையிலிருந்து ஒரு குச்சியை முறித்துக்கொண்டு வந்து சித்தப்பா கையில் கொடுத்தாள். அது பச்சைக் குச்சி. தண்ணீர் குடித்து வளர்ந்தது. சித்தப்பா ஒடித்தார், ஒடியவில்லை. வளைந்தது. முறுக்கினார். உள்தண்டு உடைந்தும் தோல் பிரியாமல் இழுபட்டுத் தொங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் அதைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணன்தான், "போதுங்க மாப்ள, வுடுங்க" என்றார்.

சின்னம்மா தகரப் பெட்டியோடு கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் குடத்தில் இருந்த தண்ணீரைப் பானையில் ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை. அம்மா மட்டும் ரோடுவரை போனாள். என்னை அத்தை பிடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்தப் பானைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மாசி, பங்குனி, சித்திரை. அம்மாவுக்குக் காடும் வீடும் ஒரே கையாகிவிட்டது. துவைப்பதும் குளிப்பதும் எல்லோருக்கும் காட்டுக் கிணற்றிலேயே ஆனது; நானும் அங்கேதான் பையன்களோடு குளித்தேன். கல்லடி வெடித்தது. பானைக்குள் திரி காய்ந்து குச்சிபோல விறைத்து நின்றது. தவளை எப்போது போனது என்று தெரியவில்லை. மாதுளை இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது. செத்துவிட்டது, அடுப்புக்கு வெட்டலாம் என்றார்கள். சித்தப்பா அரிவாளை எடுக்கவே இல்லை.

வைகாசியில் ஒரு மழை, ஆனியில் ஒரு மழை. குச்சியெல்லாம் ஒரே நேரத்தில் துளிர்த்தது. இலையை மறைத்துக்கொண்டு பூத்தது. அந்தப் பூ உதிரவில்லை. ஒவ்வொன்றும் அடி பெருத்து, பச்சையாகி, மஞ்சளாகி, கன்னம் சிவந்து, கிளைகளைத் தரைக்கு இழுத்தது. கார்த்திகையில் முதல் பழத்தை அறுத்துக் கோயிலில் வைத்துவிட்டு வந்து, அத்தை வாசலில் உட்கார்ந்து உடைத்தாள்.

"பாத்தீங்களா? நான் சொன்னப்ப பொல்லாதவளா இருந்தேன். தடை போச்சு, காச்சுடுச்சு."

ஊர் முழுக்க அதை ஒப்புக்கொண்டது. செடியே சாட்சி சொல்லிவிட்ட பிறகு யார் என்ன பேச முடியும்? அம்மாகூட அன்றைக்குத் தன் பங்கை வாங்கிக்கொண்டாள். என் பங்கை நான் தின்றேன். நண்பர்களே, அது அத்தனை இனிப்பாக இருந்தது. சித்தப்பா தன் பங்கைத் துண்டில் முடிந்துகொண்டு எழுந்து போனார். சாயங்காலம் பார்த்தேன். துவைக்கிற கல்மேல் முத்துகள் அப்படியே கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது.

மறு வருஷம் சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம் ஆனது. வந்தவரை நான் புதுச் சின்னம்மா என்பேன். அதிகம் பேசாதவர். வந்த சில நாளிலேயே அந்தப் பானையைத் தூர் எடுத்து, புதுத் திரி போட்டு, தினம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. அழகான செடி, பக்கத்தில் ஒரு காலிப் பானை, வேறென்ன செய்வார்? வருஷத்துக்கு வருஷம் இலை செழித்தது, காய் குறைந்தது. நான் பள்ளிப் படிப்பு முடித்து, எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்துவிட்டேன். புதுச் சின்னம்மாவுக்கும் பிள்ளை இல்லை.

அன்றைக்குத் தோட்டத்தில் நமக்குச் சொன்னார்களே, மாதுளைக்கு வருஷத்தில் கொஞ்ச காலம் தண்ணீரை நிறுத்த வேண்டும், வாடி இலை உதிர்த்த பிறகு தண்ணீர் பட்டால்தான் ஒன்றாகப் பூத்துக் காய் பிடிக்கும், எந்நேரமும் ஈரமும் எருவும் இருந்தால் இலைதான் வரும், பூ கொட்டிப்போகும் என்று. நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் எழுதவில்லை. அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்கழி விடுமுறை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏறினேன். இத்தனை வருஷம் அவள் தலையில் ஏற்றிவைத்திருந்த பழியை இறக்கிவைக்கப் போகிறேன் என்ற நினைப்பில் பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை.

சின்னம்மா அண்ணன் வீட்டு வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்துவிட்டது. மறுகல்யாணத்துக்கு இடம் ஒன்று வந்ததாம். பிள்ளை பெறாதவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் நின்றதாம். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அட சாமி! மீசை வெச்சுட்டியா! எங்க, குனி." என் தலையை முகர்ந்து பார்த்தாள். "சீயக்கா தேய்க்கறதே இல்லையா நீ?"

களி கிண்டிப் போட்டாள். நான் தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாடத்தில் சொன்னபடி ஒன்று விடாமல் சொன்னேன்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல சின்னம்மா. ராசியும் இல்ல, ஒன்னும் இல்ல. தண்ணி அதிகம், அவ்வளவுதான். நீ வந்தப்பறம் ஆரும் ஊத்தல. அதான் காச்சுது."

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே சுவரோரம் அந்தத் தாய்ச்செடி நின்றது. எங்கள் மாதுளையின் பதியன் எதிலிருந்து எடுத்ததோ அது. புழுதி படிந்து, பாதி இலையோடு, கிளை கிளையாகப் பழம்.

"இதுக்கு எங்கூட்ல ஆரும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துனதில்ல" என்றாள் மெதுவாக. "அது பாட்டுக்குக் காய்க்கும். தெனம் பாத்த செடிதான். எனக்குத் தோணல பாரு." திரும்பி என்னைப் பார்த்து, "அப்ப, நான் ஊத்துனதாலதான் அது காய்க்காம நின்னுது" என்றாள்.

"அப்படி இல்ல சின்னம்மா..."

"அப்படித்தான சாமி. நீ படிச்சுட்டு வந்து சொல்ற."

களி உருண்டையைத் தட்டிலேயே வைத்தேன். எதைக் கொண்டுவந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"அங்க இருக்கறாளே, அந்தப் புள்ள. அவளுக்கு?"

"இல்ல சின்னம்மா. இன்னும் இல்ல."

"செடி?"

"ரெண்டு வருசமா பூ கொட்டுது."

"பானைக்கு ஊத்தறாளா?"

"தெனமும்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "சாமி, நீ இன்னைக்கே கெளம்பு. ஊத்த வேணாம்னு அவகிட்ட சொல்லு. தை வரப் போவுது. உங்கத்தை திரும்பவும் அரிவாளத் தூக்கச் சொல்லுவாங்க. அதுக்குள்ள சொல்லிடு. நீ சொன்னா இப்பக் கேப்பாங்க. நீ படிச்சவன்." பஸ் வரும்வரை கூடவே நின்றாள். பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மறந்துடாத" என்றாள்.

எங்கள் ஊர்க் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்து, மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்தபோது புதுச் சின்னம்மா கல்லடியில் குனிந்து குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். செடி பச்சைப் பசேலென்று இருந்தது. கீழே சிவப்பாகப் பூ கிடந்தது. நான் பையைக்கூட இறக்காமல், "ஊத்தாதீங்க!" என்றேன். வந்த அவசரத்தில் குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

அவர் வெடுக்கென்று நிமிர்ந்தார். குடம் கையிலேயே சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஊத்தக் கூடாதுங்களா தம்பி?" என்றார்.

நான் விளக்கினேன். உட்காரவைத்து, தோட்டத்தில் கேட்டதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சரிங்க தம்பி, சரிங்க தம்பி என்றார். அத்தையிடமும் சொன்னேன். "ஆமாமா, படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவ கை படாம இருக்கறதே நல்லது" என்றாள்.

விடுமுறை முடியும்வரை பார்த்தேன். புதுச் சின்னம்மா அடுப்படியிலிருந்து கிணற்றுக்குப் போக அந்தச் செடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அந்த வழியாகப் போகவில்லை. தளும்பும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, களா வேலி ஓரமாக, தன் நிழல் அதன்மேல் விழாதபடி வீட்டையே சுற்றிக்கொண்டு போய் வந்தார்.